ரீச்சரிடம் கேளுங்கள்: "அந்தப் பள்ளிக்கூடத்துக்கோ அனுப்பப் போகிறார்கள்?"

சென்ற இதழில் பிள்ளைகளின் பள்ளி வரவைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மாற்றுக் கல்வி இடங்களைப் பற்றியவை, அதாவது வழமையான பள்ளிக்கூடத்தில் இருக்க முடியாத பிள்ளைகளை அனுப்புகிற இடங்கள். பள்ளிக்கூடங்கள் அதைச் சுருக்கி 'ஏ.பி.' என்பார்கள். கவுன்சில் நடத்துகிற ஒரு வகைக்கு 'பி.ஆர்.யூ' என்று பெயர். எங்கள் சனம் அதற்கு வைத்த பெயர் 'அந்தப் பள்ளிக்கூடம்'. லண்டனின் வடமேற்கில் அப்படி ஓர் 'அந்தப் பள்ளிக்கூடத்தில்' 16 வருடம் வேலை செய்தவள் நான். ஆகவே இந்த மாதம் முழுக்க அதே கதைதான். நான் சொல்லுவதெல்லாம் இங்கிலாந்துச் சட்டம். ஸ்கொட்லாந்து, வேல்ஸ் வாசகர்கள் தங்கள் கவுன்சிலைக் கேட்டுக்கொள்ளுங்கள், அங்கே முறை வேறு.

*

என் மகனுக்கு 14 வயது, 9ஆம் ஆண்டு. இந்த வருடம் இரண்டு தரம் இடைநிறுத்தி விட்டார்கள். இப்போது 12 கிழமைக்கு பி.ஆர்.யூவுக்கு அனுப்பப் போவதாகக் கடிதம் வந்திருக்கிறது. அங்கே கஞ்சா அடிக்கிற பெடியள்தான் இருப்பார்கள் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லுகிறா. நான் சம்மதிக்காவிட்டாலும் அனுப்பலாமா? பேசாமல் பள்ளிக்கூடத்தை விட்டு எடுத்து, வீட்டில் வைத்துப் படிப்பிக்கட்டா?
– ஒரு தாய், கென்ரன்

தங்கச்சி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லுகிறேன். வேண்டாம். வீட்டுக்கல்வி என்று எழுதிக் கொடுத்த அன்றோடு பிள்ளையின் பெயரை இடாப்பிலிருந்து எடுத்து விடுவார்கள். அதற்குப் பிறகு படிப்பிப்பது உங்கள் பொறுப்பு. 16 வயதில் எடுக்கிற ஜிசிஎஸ்ஈ சோதனைக்குக் காசு கட்டுவதும், தனியார் பரீட்சார்த்தியாக எடுக்க ஒரு நிலையம் தேடுவதும் உங்கள் பொறுப்பு. சில இடங்களில் "எழுதித் தாருங்கள் அம்மா, பிரச்சினை முடிந்துவிடும்" என்று காதோடு காதாகச் சொல்லுவார்கள். முடிவது பள்ளிக்கூடத்தின் பிரச்சினை.

இனி அந்தக் கடிதத்தை எடுத்து ஒரு விஷயம் பாருங்கள். பிள்ளையின் நடத்தையைத் திருத்துவதற்காகக் கொஞ்சக் காலம் வேறிடத்துக்கு அனுப்புவது ஒன்று. அதற்கு உங்கள் சம்மதம் தேவையில்லை. ஆனால் ஏன், எங்கே, எப்போதிலிருந்து எப்போது வரை என்பதைக் குறைந்தது இரண்டு பள்ளி நாட்களுக்கு முதல் எழுத்தில் தர வேண்டும். இடையிடையே கூட்டம் வைத்துப் பார்க்கவும் வேண்டும். பிள்ளையின் பெயர் பழைய பள்ளிக்கூட இடாப்பில் அப்படியே இருக்கும். இன்னொன்று, நிரந்தரமாக வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றுவது. அதற்கு உங்கள் சம்மதம் கட்டாயம் வேண்டும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்களுக்கு வந்தது முதலாவது. 12 கிழமை என்று திகதியோடு வந்திருப்பதே நல்ல அறிகுறி. திகதி இல்லாமல் "கொஞ்ச நாளைக்கு" என்று வந்திருந்தால்தான் நான் பயந்திருப்பேன்.

கஞ்சாக் கதைக்கு வருகிறேன். பொய் சொல்ல மாட்டேன், அப்படியான பிள்ளைகளும் அங்கே வருவார்கள். உங்கள் மகன் இப்போது போகிற 1,500 பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்திலும் அவர்கள் இருக்கிறார்கள், அங்கே கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். நாங்கள் காலையில் வாசலிலேயே பையைப் பார்ப்போம், போனை வாங்கித் தட்டில் வைப்போம், அதற்குப் பிறகு நேரே குசினிக்கு. பாண் வாட்டி, பட்டர் பூசி, சூடான சொக்லேட்டோடு கொடுத்தால்தான் முதல் பாடம். இதைச் சோற்றுக் கதை என்று நினைக்க வேண்டாம். பெடியன் எப்படிப்பட்ட இரவைக் கழித்துவிட்டு வந்திருக்கிறான் என்பது அந்தப் பாணைக் கடிக்கிற விதத்திலேயே எங்களுக்குத் தெரிந்துவிடும்.

ஒரு பிள்ளையைச் சொல்லுகிறேன், எங்கடை பிள்ளைதான். கதிரையைத் தூக்கி எறிந்தான் என்று அனுப்பியிருந்தார்கள். முதல் நாள் முழுக்கத் தலையில் போட்ட ஹூட்டைக் கழற்றவில்லை. வகுப்பில் மொத்தம் ஆறு பேர். ஆங்கில ரீச்சர் அவனுக்குப் பக்கத்தில் இருந்து ஒரு பக்கத்தை வாசிக்கச் சொன்னா. அவன் படத்தைப் பார்த்துக் கதையைச் சொன்னான். அவ மட்டையால் படத்தை மூடினா. அவ்வளவுதான், சத்தமே இல்லை. 13 வயதுப் பிள்ளை, எட்டு வயதுப் பிள்ளை அளவுக்குத்தான் வாசிப்பான். 30 பேர் வகுப்பில் அது யாருடைய கண்ணிலும் படவில்லை. பழைய குறிப்புகளை எடுத்துப் பார்த்தால், கதிரை பறந்த நாட்கள் எல்லாமே சத்தமாக வாசிக்கச் சொன்ன நாட்கள். பிறகு சோதித்ததில் டிஸ்லெக்சியா என்கிற வாசிப்புக் குறைபாடு என்று வந்தது. கதிரையைப் பற்றி மூன்று வருடம் கூட்டம் வைத்தார்கள். வாசிப்பைப் பற்றி ஒரு கூட்டமும் இல்லை.

உங்கள் மகனுக்கும் இதுதான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த 12 கிழமையில் இப்படி எதையாவது தேடிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. கல்வி, உடல்நலம், பராமரிப்பு மூன்றுக்கும் சேர்த்து ஒரு திட்டம் போடுவதற்கு மதிப்பீடு செய்யுங்கள் என்று தாயே நேரடியாகக் கவுன்சிலுக்கு எழுதலாம். பள்ளிக்கூடம் எழுத வேண்டும் என்றில்லை. மதிப்பீடு செய்வதா இல்லையா என்று ஆறு கிழமைக்குள் அவர்கள் சொல்ல வேண்டும்.

கூட்டத்துக்குப் போகும்போது மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று முதலே கேட்டு வையுங்கள். மகனையோ மகளையோ மொழிபெயர்க்க வைக்க வேண்டாம். எங்கள் இடத்தில் ஒருநாள் ஹெட்ரீச்சர் "உங்கள் மகன் ஓர் ஆசிரியரைத் தாக்கினான்" என்று முகத்தை இறுக்கிக்கொண்டு சொன்னார். பெடியன் தாயைப் பார்த்து, "அம்மா, நான் கொஞ்சம் குழப்படியாம்" என்றான். தாய் சிரித்தபடி "தாங்க் யூ சேர்" என்றா. அந்தச் சிரிப்பைப் பற்றி அங்கே என்ன குறிப்பு எழுதினார்கள் என்பது எனக்குத் தெரியும்.

*

மகளுக்கு 12 வயது. ஒக்ரோபர் லீவு முடிந்ததிலிருந்து பள்ளிக்கூடம் போகவில்லை. காலையில் வயிற்று வலி, சத்தி. பத்து மணிக்குச் சுகம். எங்கள் குடும்ப வைத்தியர் (ஜிபி), எல்லாம் சரி என்கிறார். பள்ளிக்கூடம் மடிக்கணினியில் வேலை அனுப்புகிறது, கூடவே தண்டப்பணம் வரும் என்று கடிதமும் அனுப்புகிறது. நான் இரவு வேலை, மனைவி பகல் வேலை. அடித்தும் பார்த்து விட்டேன்.
– ஒரு தகப்பன், ரூட்டிங்

தம்பி, கடைசி வசனத்தை நீங்கள் எழுதியதற்காகவே உங்களை மதிக்கிறேன். அதோடு நிறுத்துங்கள். அந்த வலி நடிப்பில்லை. பயம் வயிற்றில் வந்து இருந்துவிட்டால் ஸ்கானில் தெரியாது. பத்து மணிக்குச் சுகமாவது ஏனென்றால், பத்து மணிக்கு 'இன்றைக்குத் தப்பிவிட்டேன்' என்று உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது.

முதலில் காகித வேலை. உடல் சுகவீனமோ மனச் சுகவீனமோ, ஒரு பிள்ளை 15 நாளோ அதற்கு மேலோ வர முடியாது என்று தெரிந்தால், அந்தப் பிள்ளைக்கு ஏற்ற கல்வியைக் கவுன்சில் ஒழுங்கு செய்ய வேண்டும். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 19ஆம் பிரிவு அதற்கானது. கவுன்சிலுக்கு எழுதும்போது அந்தப் பிரிவு இலக்கத்தைப் போட்டு எழுதுங்கள். இலக்கம் இருந்தால் கடிதம் மேசையில் தூங்காது. ஜிபியிடம் திரும்பப் போய் "வயிற்றைப் பார்க்க வேண்டாம், பயத்தைப் பாருங்கள்" என்று சொல்லுங்கள். ஒவ்வொரு கவுன்சில் பகுதியிலும் 'சென்டியாஸ்' என்று இலவச ஆலோசனைச் சேவை இருக்கிறது. அவர்கள் கவுன்சிலுக்கு வால் பிடிக்க மாட்டார்கள், கேட்டுப் பாருங்கள்.

தண்டப்பணம் அனுமதியில்லாத வரவின்மைக்குத்தான். 10 பள்ளிக் கிழமைக்குள் பத்துத் தடவை வராவிட்டால் அந்தப் பேச்சு வரும். அரை நாள் ஒரு தடவை என்று கணக்கு, அதாவது ஐந்து நாள். 21 நாளுக்குள் கட்டினால் 80 பவுண், 28 நாளுக்குள் என்றால் 160. தாய்க்குத் தனி, தகப்பனுக்குத் தனி. ஆனால் சுகவீனத்தைப் பள்ளிக்கூடம் சுகவீனம் என்று பதிந்தால் இந்தக் கேள்வியே எழாது. ஆகவே இடாப்பில் வராத காரணத்துக்கு எந்த எழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள். பிள்ளை வீட்டில் கட்டிலில் இருந்து மடிக்கணினியைத் தட்டுவதை 'வெளியிடக் கல்வி' என்று பதிந்து வரவாகக் காட்டவும் கூடாது. பெரியவர் ஒருவர் நேரில் பார்த்துக்கொள்ளுகிற இடம் என்றால்தான் அந்த எழுத்து. சில இடங்களில் வரவு வீதம் அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காக இதைச் செய்து நான் கண்டிருக்கிறேன்.

அப்புறம் மகள். உங்கள் மகள் மாதிரி ஒரு பிள்ளையை எங்களிடம் அனுப்பினார்கள். பி.ஆர்.யூ அவளுக்குப் பொருந்தவில்லை, சத்தம் அதிகம். கவுன்சில் நோயுள்ள பிள்ளைகளுக்கு வைத்திருந்த சின்னப் பிரிவு ஒன்றுக்கு மாற்றினோம். அதற்குப் போக 183ஆம் இலக்க பஸ் எடுக்க வேண்டும். முதல் கிழமை நானும் அவளும் பஸ் தரிப்பில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தோம். ஏறவே இல்லை. இரண்டாம் கிழமை ஒரு தரிப்பு. எந்த ஆசனம் என்பது முக்கியம்: கீழ்த்தட்டு, கதவுக்குப் பக்கம். மூன்றாம் கிழமை கட்டிடத்தின் வாசல் வரைக்கும் போய் ஸ்ரிக்கர் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தாள். "உங்களுக்குச் சம்பளம் பஸ்ஸில் சுற்றுவதற்கா?" என்று மேலதிகாரி கேட்டார். ஆறாம் கிழமை அவள் உள்ளே போய் ஒரு மணித்தியாலம் சித்திரம் கீறினாள். அந்த ஒரு மணித்தியாலத்தைப் பற்றி எனக்கு இப்போதும் ஒரு பெருமை இருக்கிறது.

பள்ளிக்கூடம் அரை நாள் நேரசூசி தருகிறோம் என்றால் ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் அது உங்கள் சம்மதத்தோடுதான் நடக்க வேண்டும், முடிகிற திகதியும் அதில் இருக்க வேண்டும். திகதி இல்லாத அரை நாள், மெல்ல மெல்லக் கால் நாளாகும், பிறகு இல்லாமலே போய்விடும். இன்னொன்று, நீங்கள் இரவு வேலை முடிந்து ஏழு மணிக்கு வருகிறீர்கள் என்று விளங்குகிறது. அந்தக் களைப்போடு காலை எட்டு மணிச் சண்டையை நீங்கள் பிடிக்க வேண்டாம். "காலையில் கூட்டிப் போக ஆள் வேண்டும்" என்று கூட்டத்தில் வெட்கப்படாமல் சொல்லுங்கள். அதைச் சொல்லாத தகப்பனை 'அக்கறையில்லை' என்று எழுதிவிடுவார்கள்.

*

பேத்தி 10ஆம் ஆண்டு. கிழமையில் ஒருநாள் சலூனில் தலைமுடி வெட்டப் படிக்க விடுகிறார்களாம். முடி வெட்டப் பழகவா கடல் கடந்து இங்கே வந்தோம்? மகள் என்னைப் பேசாமல் இருக்கச் சொல்லுகிறாள்.
– ஒரு தாத்தா, ஈஸ்ட்ஹாம்

ஐயா, மகள் சொல்லுவதைக் கேளுங்கள் என்று எழுதிவிட்டால் நீங்கள் இந்தப் பத்திரிகையை வாங்க மாட்டீர்கள். ஆகவே ஒரு கேள்வி: முந்தி பேத்தி கிழமையில் எத்தனை நாள் பள்ளிக்கூடம் போனாள்? இப்போது எத்தனை நாள்? நான் பார்த்த அளவில், வெள்ளிக்கிழமை சலூனுக்குப் போகலாம் என்பதற்காகவே திங்கள் தொடங்கி வியாழன் வரை கணக்கும் ஆங்கிலமும் படிக்க வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். கராஜுக்குப் போன பெடியள், குதிரைப் பண்ணைக்குப் போன பிள்ளைகள் எல்லாம் அப்படித்தான்.

உங்கள் கோபத்தை வேறு பக்கம் திருப்புகிறேன், அதற்கு வேலை இருக்கிறது. அந்த இடத்தில் வேலை செய்கிறவர்களின் பின்னணியைச் சோதித்த உறுதிக் கடிதம் பள்ளிக்கூடத்திடம் இருக்கிறதா? பிள்ளை வராத நாளில் சலூன் பள்ளிக்கூடத்துக்கு எத்தனை மணிக்குப் போன் பண்ணும்? சலூனுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து யாராவது ஒருநாளாவது போய்ப் பார்த்தார்களா? பிள்ளை அங்கே இருக்கும்போதும் பொறுப்பு பள்ளிக்கூடத்துக்குத்தான். ஒருநாள் வெட்டிப் பழகட்டும், ஐயா. ஆனால் முழுநாளும் தலைமுடி கூட்டிக்கொண்டு நின்றால் அது படிப்பில்லை, அதற்கு நீங்கள் சத்தம் போடலாம்.

*

நான் ஓர் இரண்டாம் நிலைப் பள்ளியில் இளம் ஆசிரியை. என் மாணவன் ஒருவனை ஏ.பி.க்கு அனுப்பினோம். அங்கே அவனுடைய வரவு 92 வீதம். திரும்பி வந்து ஒரு மாதத்தில் 40க்கு விழுந்துவிட்டது. 'இவன் திருந்த மாட்டான்' என்று சகாக்கள் சொல்லுகிறார்கள். எங்கே பிழை விட்டோம்?
– ஆசிரியை, குறொய்டன்

பிள்ளை, இந்தக் கேள்வியைத்தான் 16 வருடமாக யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன். அந்த 92 வீதம் அவனுடைய வரவில்லை. அந்த இடத்தின் வரவு. அங்கே எட்டரைக்கு வான் வந்து வாசலில் நின்றது. வராவிட்டால் ஒன்பதுக்குள் ஒருத்தி போன் பண்ணினாள். வகுப்பில் ஆறு பேர், ஒருவன் குறைந்தாலும் கதிரை காலியாகத் தெரியும். இத்தனையையும் எடுத்துவிட்டு, திங்கட்கிழமை காலை முழு நேரசூசியோடு, சண்டை பிடித்த அதே ரீச்சரின் வகுப்பில், அதே பின் வாங்கில் இருத்தியிருப்பீர்கள். நான் பிழையாகச் சொன்னால் எழுதுங்கள்.

நான் கூட்டிக்கொண்டு போய் ஒப்படைத்த ஒரு பெடியன். சட்டை புதுசு, தலை வாரியிருந்தான், நல்ல மனநிலை. வரவேற்பு மேசையில் இருந்தவ நல்லவதான், சிரித்துக்கொண்டு "நீ புதுப் பிள்ளையோ?" என்று கேட்டா. அவன் அங்கே மூன்று வருடம் படித்தவன். மத்தியானம் சாப்பாட்டு வரிசையில், கணக்குப் பார்க்கிற இயந்திரத்தில் விரலை வைத்தான், சிவப்பு விளக்கு. அவன் போயிருந்த ஒன்பது கிழமையில் யாரோ அவனுடைய சாப்பாட்டுக் கணக்கை மூடியிருந்தார்கள். பின்னால் நின்ற பெடியள் சிரித்தார்கள். தட்டை வைத்துவிட்டு வாசலால் போனவன்தான். இடாப்பில் அவனுடைய பெயர் ஒருநாளும் விடுபடவில்லை; மற்ற எல்லா இடத்திலும் விடுபட்டிருந்தது.

ஆகவே அடுத்த பிள்ளையை அனுப்புகிறபோதே திரும்பி வருகிற நாளை எழுதி வையுங்கள். உங்களில் ஒருவர் கிழமைக்கு ஒரு தடவை அங்கே போய் அவனோடு ஒரு தேநீர் குடிக்க வேண்டும், குறிப்பேட்டோடு இல்லாமல். ஜிசிஎஸ்ஈ வகுப்பு என்றால் இரண்டு இடத்திலும் ஒரே பரீட்சைச் சபையா, ஒரே நாடகமா, ஒரே கவிதைகளா என்று பாருங்கள். நான் கண்ட ஒரு பிள்ளை அங்கே ஒரு நாடகத்தைப் படித்து முடித்து வர, இங்கே வகுப்பு வேறொன்றில் பாதி போயிருந்தது. திரும்பி வரும்போது அவனுக்குப் பிடித்த பாடத்தோடு இரண்டு அரை நாளில் தொடங்குங்கள், நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், எத்தனை கிழமையில் முழு நாள் என்பதைத் தாயோடு எழுதி ஒப்புக்கொள்ளுங்கள். சண்டை பிடித்த ரீச்சருக்கும் அவனுக்கும் இடையில் பத்து நிமிடம் யாராவது இருந்து கதைக்க வைக்க வேண்டும், அதை முதல் நாளுக்கு முன்பே செய்ய வேண்டும். வீட்டுக்கும் அந்த இடத்துக்கும் போன் பண்ண உங்கள் பள்ளியில் ஒரேயொரு ஆள் இருக்கட்டும். ஐந்து பேர் என்றால் யாரும் பண்ண மாட்டார்கள்.

முழு வருடத்தில் 190 நாள், அதில் 19 நாள் வராவிட்டாலே 'தொடர் வரவின்மை' என்று கணக்கில் வந்துவிடுவான். உங்கள் மாணவனுக்கு 40 வீதம் என்றால் பாதிக்கு மேற்பட்ட நாள் வரவில்லை, கவுன்சிலும் சேர்ந்து இருந்து பார்க்க வேண்டிய கட்டம். சகாக்கள் சொல்லுவதை விடுங்கள். 92 வீதம் வரத் தெரிந்த பிள்ளை அவன்.

*

மகன் ஒரே குழப்படி, பள்ளிக்கூடமும் ஒழுங்காகப் போவதில்லை. ஒரு வருடத்துக்கு ஊரில் அம்மாவிடம் விட்டால் திருந்துவான் என்று எல்லாரும் சொல்லுகிறார்கள். பி.ஆர்.யூவை விட அது நல்லதுதானே?
– பெயர் வேண்டாம், வெம்பிளி

உங்கள் அம்மாவுக்கு என்ன வயது? அவவைக் கேட்டீர்களா?

ஊருக்கு அனுப்பினால் இங்கே பெயர் இடாப்பிலிருந்து போய்விடும். திரும்பி வந்ததும் கவுன்சிலுக்குப் புதிதாக விண்ணப்பித்து, எந்தப் பள்ளிக்கூடத்தில் இடம் இருக்கிறதோ அங்கேதான் போக வேண்டும். அவன் அங்கே எந்த மொழியில் விஞ்ஞானம் படிப்பான் என்றும் யோசியுங்கள். எங்கள் இடத்துக்கு வந்த ஒரு பெடியனைத் தகப்பன் இப்படித்தான் பருத்தித்துறைக்கு அனுப்பினார். எட்டு மாதத்தில் அம்மம்மாவே ரிக்கெற் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டா. 10ஆம் ஆண்டுப் பாடம் முழுக்கப் போயிருந்தது. பந்தைச் சுழற்றிப் போடுவது மட்டும் நன்றாக வந்திருந்தது.